நீலக் கேன்களுக்கு வைத்த பொட்டு

1

ஊரிலிருந்து யாராவது அழைத்து, "அங்க என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று கேட்டால், "லேபிள் பார்க்கிற வேலை" என்பேன். மறுமுனையில் குரல் உடனே இறங்கிவிடும். ஜெர்மனி வரைக்கும் போய் லேபிளா என்று நினைக்கிறார்கள் போலும். நினைக்கட்டும், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நான் வேலை செய்யும் கிடங்கில் பெயிண்ட், பசை, துரு எடுக்கும் திரவம், தரை கழுவும் மருந்து எல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கும். ஒவ்வொரு டப்பாவிலும் சிவப்புக் கோட்டால் ஒரு கட்டம் போட்டிருக்கும். சதுரத்தைத் திருப்பி மூலையில் நிற்க வைத்த மாதிரியான கட்டம். அதற்குள் கறுப்பில் ஒரு படம். மண்டையோடு, தீ, வெடிக்கிற குண்டு, கையையும் இரும்பையும் அரிக்கிற சொட்டு, கரையில் செத்துக் கிடக்கும் மீன். அந்தப் படம் இருக்கிறதா, கிழியாமல் இருக்கிறதா, உள்ளே இருக்கும் சரக்குக்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. படம் இல்லாத டப்பா என்னைத் தாண்டி நகராது. மேலாளரே வந்து கைகட்டி நின்றாலும் நகராது. இதனால் எனக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன்.

ஆண்டுக்கொரு முறை எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து அந்தப் படங்களைப் பற்றி வகுப்பு எடுப்பார்கள். தெரிந்த படம்தானே என்று யாரும் எழுந்து போக முடியாது. கடைசியில் கையெழுத்துப் போட்டால்தான் மறுநாள் உள்ளே விடுவார்கள். நேற்று நடந்த அந்த வகுப்பை எடுத்தது நான். கிணத்துக்கடவுப் பக்கம் தக்காளிக் காட்டில் கூலிக்குப் போன ஆரோக்கியத்தின் மகள், ஒரு அறை நிறைய வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் நின்று, அவர்கள் மொழியில், எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். என் ஜெர்மனில் ஆண்பாலும் பெண்பாலும் இடம் மாறித்தான் உட்காரும். அதற்காக ஒருவரும் தூங்கவில்லை.

நடுவில் திரையில் ஒரு புகைப்படம் போட்டேன். வரிசையாக நீலக் கேன்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டுகிற பையன் கை தூக்கி, "இது ரத்தமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து அந்தக் கேன்களின் கதையைச் சொன்னேன். அதை உங்களிடமும் சொல்ல வேண்டும் என்றுதான் இன்று விடுமுறையும் அதுவுமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

2

கோவையில் வேதியியல் படித்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். நான் படித்தது உண்மைதான் என்று இந்த நாட்டை நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு கேட்டார்கள். அதைக் கொண்டுபோனால் முத்திரை கேட்டார்கள். முத்திரையோடு போனால் இந்த முத்திரை அல்ல என்றார்கள். அது முடிகிற வரைக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைத்தேன். அங்கே துடைப்பம் வைக்கிற அலமாரிக் கதவில்தான் இந்தப் படங்களை முதலில் ஒழுங்காகப் பார்த்தேன். பட்டப்படிப்பில் யாரும் எனக்கு அதைக் காட்டியதில்லை. சமன்பாடு போடச் சொன்னார்கள், போட்டேன், முதல் வகுப்பில் தேறினேன்.

ஆனால் அந்த மாதிரி ஒரு கட்டத்தைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அப்பா தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போவார். மருந்து டின்னில் மூலையில் நிற்கும் ஒரு சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி பளீரென்று சிவப்பு. மிகக் கொடிய விஷம் என்று அர்த்தம். எங்களில் யாருக்கும் அது தெரியாது. அப்பா அந்த மருந்தை வாளியில் ஊற்றிக் கையால் கலக்குவார். குச்சி எடுக்கிற நேரத்தில் இன்னொரு வரப்பு முடித்துவிடலாம் என்பார். ஒரு நாள் கண் இருண்டு, வாயில் நுரை தள்ளி, பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். டின்னைக் கொண்டு வா என்று டாக்டர் கேட்டபோது அம்மா விழித்தாள். ஏனென்றால் அந்த டின்னைத் தோட்டத்துக்காரர் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார், மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க ஆகும் என்று.

அந்தச் சதுரத்தின் அர்த்தத்தைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை எங்கள் அப்பாவுக்குச் செலவழிக்க ஊரில் ஆளில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். நான் லேபிளில் இவ்வளவு கறாராக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

3

எங்கள் குடும்பத்தில் முதல் முதலாளி என் அண்ணன் அந்தோணிசாமி. பெரியநாயக்கன்பாளையத்தில், மோட்டார் உதிரிபாகம் கடைகிற பட்டறைகளுக்குப் பின்னால், ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்துச் சுத்தம் செய்யும் திரவங்கள் தயாரிக்கிறார். கழிப்பறை கழுவ ஆசிட் கலந்த ஒன்று, தரைக்கும் துணிக்கும் பிளீச்சிங் திரவம் ஒன்று, வாசனைப் பினாயில் ஒன்று. பல வருடம் அடுத்தவர் கம்பெனியில் கேன் தூக்கியவர், சொந்தமாகத் தொடங்கினார். மூன்று பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். மூத்தவர் மயிலாத்தாள். அண்ணன் முதலாளிதான் என்றாலும் அவரை "மயிலக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

சென்ற ஆண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அண்ணனிடம் மாதாமாதம் சரக்கு வாங்கச் சம்மதித்தது. அதற்கு முன் ஷெட்டைப் பார்க்க ஆள் வரும் என்றார்கள். அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

"அம்மணி, உன்ற வேலைக்கு இப்பத்தான் ஒரு மதிப்பு வந்துருக்குது. கேனுக்கெல்லாம் படம் ஒட்டோணுமாம். என்னென்ன படம்னு சொல்லு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எது எதற்கு என்று பார்த்துப் பார்த்து அனுப்பினேன். ஆசிட்டுக்கு அரிக்கிற கையும் ஆச்சரியக்குறியும். பிளீச்சிங்குக்கு அரிக்கிற கையும் செத்த மீனும். பினாயிலில் ஊற்றும் வாசனை எண்ணெய்க்குத் தீயும், நெஞ்சுக்குள் நட்சத்திரம் வெடிக்கிற மனிதனும். அதை விழுங்கினால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று அதற்குப் பொருள். அண்ணன் கோவையில் ஒரு அச்சகத்தில் கொடுத்துப் பெரிது பெரிதாக ஸ்டிக்கர் போட்டு ஒட்டினார். ஆஸ்பத்திரி ஆள் வந்து பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். விஜயதசமியிலிருந்து சரக்கு அனுப்பச் சொல்லி ஆர்டர் கைக்கு வந்தது. நான் கிடங்கில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றே ஒன்றுதான் விட்டுப்போயிற்று. அந்தப் படங்களுக்கு அர்த்தம் என்ன என்று ஷெட்டில் வேலை செய்கிற மூன்று பெண்களிடமும் யாரும் சொல்லவில்லை. பார்க்க வருகிறவருக்காக ஒட்டிய படங்களாகவே அவை அங்கே இருந்தன.

4

சில மாதம் கழித்து, ஆயுத பூஜை அன்று ஷெட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பம் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ஆனால் கோவைப் பக்கத்தில் பட்டறை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் ஆயுத பூஜை உண்டு. "பூஜை அவங்குளுது, பொரி நம்முளுது" என்பார் அண்ணன். சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்திலேயே முருகனும் சரஸ்வதியும் இருப்பார்கள், ஒரே மாலையின் இரண்டு நுனியும் இரண்டு பக்கம் தொங்கும்.

வாசலில் வாழைக்கன்று, சாலையில் உடைத்த பூசணிக்காய், தட்டில் பொரி கடலை. ரெஜினா அண்ணி புதுப்புடவையில் இருந்தார். பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மகள் ஜெனியையும் இழுத்து வைத்துக் காட்டினேன். அவளுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள், திட்டினால் மட்டும் தமிழில் முணுமுணுப்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, விஷத்துக்கு ஏன் பொட்டு வைக்கிறாங்க?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

அப்போதுதான் நான் கேன்களைப் பார்த்தேன். எல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளவென்று நின்றன. ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடம் மட்டும் மங்காத நீலமாகச் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. அந்தச் சதுரத்தின் நடுவில் சந்தனமும் குங்குமமும். ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை.

"அண்ணா, லேபிள் எங்கீங்ணா?" என்றேன்.

மயிலாத்தாள் முகம் மலர முன்னால் வந்தார். "ஏனுங் அம்மணி, ஒரே அழுக்குக் காயிதமுங்க. நோம்பிக்கு அப்படியே உடலாமுங்களா? தண்ணில ஊறப்போட்டு, தேங்காண்ணெ தேச்சு, நாரு வெச்சுத் தேச்சு எடுத்துப்போட்டமுங்க. பொட்டு வெக்கறதுக்குன்னே எடம் உட்டாப்ல வாகா இருந்துச்சுங்க."

மூலையில் ஒரே ஒரு கேனில் மட்டும் ஸ்டிக்கர் இருந்தது. வாசனை எண்ணெய்க் கேன். நெஞ்சுக்குள் நட்சத்திரம் வெடிக்கிற மனிதனின் தலையில் ஒரு செவ்வந்திப்பூ.

"அதை மட்டும் ஏனுங்க உட்டுட்டீங்க?"

"அது மொதலாளி கும்புடற சாமியல்லங்க? நெஞ்சு ஜொலிக்குதுங்களே. உங்க சாமி படத்தக் கிழிச்சா பாவமுங்க."

திரு இருதய ஆண்டவர் படத்தை, நெஞ்சில் இருதயம் ஒளிவீச இயேசு நிற்கிற படத்தை, அவர் எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறார். சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க முடியவில்லை. ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒரே மாதிரி நீலக் கேனில்தான் வரும். இரண்டும் இளமஞ்சள் நிறம்தான். இரண்டும் கலந்தால் கிளம்புகிற வாயு, மூடிய ஷெட்டில் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் முதலாளி தன் கையால் முதல் கேனைத் திறந்து பிளீச்சிங் தொட்டியில் ஊற்றித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அந்தத் தொட்டியும் காலியாக இருக்காது. நோம்பி, அதாவது பண்டிகை நாளில் தொட்டி வெறுமையாகக் கிடந்தால் வருடம் முழுக்க வறுமை என்று, பழைய பிளீச்சிங்கை அடியில் விட்டு வைப்பார்கள். அண்ணன் ஆசிட் கேனைத் தூக்கிவந்து, அதற்கு மேல் குனிந்து நின்று ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணா, எது ஆசிட், எது பிளீச்சிங்?"

"இதென்ன கேள்வி? கெழக்குச் செவுத்தோரம் பிளீச்சிங். மேக்கால ஆசிட்."

"கழுவறதுக்கு வெளிய எடுத்து வெச்சாங்கல்லங்ணா? திருப்பி வெக்கறப்ப யாரு பாத்தது?"

"மூடியத் தொறந்தா வாசத்துலயே தெரியாதா? எத்தன வருசமா இதுல கெடக்கறேன்!"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். கொரோனா வந்து போனதிலிருந்து அண்ணனுக்கு மூக்கு வேலை செய்வதில்லை. ரசம் பொங்கி அடுப்பே அணைந்தாலும் தெரியாது. இது அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். திரவம் தயாரிக்கிறவனுக்கு மூக்குப் போய்விட்டது என்று வெளியே தெரிந்தால் யார் மதிப்பார்கள் என்று அண்ணன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

"நாளைக்கு ஊத்தாதீங்ணா. எது எதுன்னு சோதிச்சுப் பாக்காம ஒரு சொட்டு ஊத்தாதீங்க. உங்களுக்கு மூக்கு..."

"அம்மணி!" என்றார் அண்ணன். வேலைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு மொத லோடு போவோணும். நல்ல நேரத்தத் தள்ளிப்போட முடியாது. நீ அங்க இருந்துட்டு எனக்குத் தொழில் சொல்லித் தராத. வெக்கறேன்."

வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். "சொல்றேன், நான் சொன்னா எங்க கேக்கறாரு" என்று பதில் வந்தது. அண்ணன் கோபத்திலும் நியாயம் இருந்தது. தன் ஷெட்டில், தன் ஆட்கள் முன்னால், தங்கை வெளிநாட்டிலிருந்து கொண்டு உத்தரவு போட்டால் எந்த அண்ணனுக்குத்தான் பிடிக்கும்? கூலிக்காரன் மகன் முதலாளியாகி, முதல் பெரிய ஆர்டரை அனுப்புகிற நாள் அது. ஆனால் நியாயத்தைப் பார்த்தா வாயு கிளம்பப் போகிறது?

5

கோவையில் மணி ஒன்பதரை என்றால் அந்த மாதத்தில் இங்கே ஆறு. மறுநாள் நல்ல நேரம் கோவைக்குப் பத்தரை, எங்களுக்கு ஏழு. ஆறு மணிக்கு எனக்கு வேலை தொடங்கும். கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் கிடங்குக்குள் போக வேண்டும். தீப்பற்றும் சரக்கு இருக்கிற இடம், விதி அப்படி. அந்த விதியை நான்தான் புதியவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லித் தருகிறேன். அன்று அதை மீறினால் என்ன என்று பெட்டிக்கு முன்னால் நின்று யோசித்தேன். பூட்டிவிட்டுப் போனேன்.

ஒரு பெரிய லாட் சரக்கு வந்திருந்தது. ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பார்த்தேன். படம் இருக்கிறது. படம் இருக்கிறது. ஒரு டப்பாவில் ஓரம் மட்டும் கிழிந்திருந்தது, தள்ளி வைத்தேன். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டுக் கைக்கும் கண்ணுக்கும் நான் காவல் நிற்கிறேன், என் கூடப் பிறந்தவருக்கு நிற்க முடியவில்லை. அழுகையாக வந்தது. கையுறை போட்டிருந்ததால் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. மாதாவே, அவர் கேனை மாற்றி எடுத்துவிடாதபடி பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். ஷெட்டில் அவள் பக்கத்திலேயே இருக்கிற முருகனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

காலை உணவு இடைவேளை மணி அடித்ததும் பெட்டிக்கு ஓடினேன். அண்ணியிடமிருந்து நாலைந்து தவறிய அழைப்புகள். ஒரு அழைப்பு என்றால் நல்ல செய்தியாக இருக்கலாம். இத்தனை தடவை எதற்குக் கூப்பிட்டார்?

6

"அம்மணி, எல்லாரும் நல்லா இருக்கறோம்," என்றுதான் அண்ணி பேச்சைத் தொடங்கினார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று அவருக்கே தெரியாது. நான் அங்கேயே ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நல்ல நேரத்துக்கு எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். கற்பூரம் காட்டியாயிற்று. அண்ணன் கிழக்குச் சுவரோரமிருந்து ஒரு கேனைத் தூக்கி வந்து தொட்டி விளிம்பில் வைத்து, மூடியைப் பாதி திருகிவிட்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய கைப்பேசி அடித்தது. அவர் கையில் உறை இருந்ததால் அண்ணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அழைத்தது என் மகள் ஜெனி.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. முதல் நாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் தானாகவே மாமாவைக் கூப்பிட்டிருக்கிறாள். தமிழ் அகப்படவில்லை. அகப்பட்டதை வைத்துப் பேசினாள்.

"மாமா, ப்ளீஸ் மாமா. கேன்ல மூக்கு வைக்காதீங்க. உங்க மூக்கு தூங்குது. அம்மா அழுவுறாங்க. நீங்க ஊத்தாதீங்க."

எல்லோரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள் என்றார் அண்ணி. மயிலாத்தாள்தான் கேட்டாராம், "ஏனுங்க, புள்ள என்னமோ சொல்லுதுங்களே, மூக்குத் தூங்குதுன்னா என்னுங்க?"

ஒன்றுமில்லை, குழந்தை விளையாடுகிறாள் என்று சொல்லிவிட்டு ஊற்றியிருக்கலாம். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வண்டி மத்தியானம் வந்துவிடும். அண்ணன் கேன் மூடியைத் திருப்பித் திருகினார். கேனைக் கீழே இறக்கி வைத்தார். கையுறையைக் கழற்றினார்.

"எனக்கு வாசம் தெரியறதில்லீங்க மயிலக்கா. ரெண்டு மூணு வருசமாச்சு. ஆருக்கும் தெரியக் கூடாதுன்னு மறைச்சுப்போட்டேன். எந் தங்கச்சி நேத்தே சொன்னா, எது என்னன்னு தெரியாம ஊத்தக் கூடாதுன்னு. உங்க முன்னால சொல்றாளேன்னு கோவத்துல போன வெச்சுட்டேன். தப்பு என்னுதுங்க. அந்தப் படம் எதுக்குன்னு உங்குளுக்கு ஒரு நாளும் சொல்லாம உட்டேன் பாருங்க, அதும் என்ற தப்புத்தான்."

மயிலாத்தாள் சொன்ன பதிலை அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்க மூக்கு சேதி எங்குளுக்குத் தெரியுமுங்க. பொங்க வெச்சு அடி புடிச்ச அன்னிக்கு, நல்லா மணக்குதுன்னீங்களே, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுங்க. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு உட்டுட்டமுங்க."

அண்ணன் எல்லோரையும் ஷெட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். பரிசோதனைச் சாமான் விற்கிற கடையில் லிட்மஸ் தாள் வாங்கி வந்தார். பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் பார்த்த அதே தாள். ஆசிட் பட்டால் சிவக்கும். பிளீச்சிங் பட்டால் நீலமாகி, கொஞ்ச நேரத்தில் நிறமே போய் வெளுத்துவிடும். கதவு எல்லாவற்றையும் திறந்து வைத்து, கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேனிலும் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்துத் தாளில் வைத்திருக்கிறார். கிழக்குச் சுவரோரம் ஐந்தாறு கேன்கள் சரியாகவே இருந்தன. தொட்டி விளிம்புக்குத் தூக்கிவந்த கேனைக் கடைசியாகப் பார்த்திருக்கிறார்.

"தாளு செவசெவன்னு செவந்துபோச்சு அம்மணி," என்றார் அண்ணி. இடைவேளை முடிகிற மணி அடித்தது. அழுதுகொண்டே உள்ளே வந்த என்னைப் பார்த்து, வண்டி ஓட்டுகிற பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

7

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெனியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் நெளிந்தாள். மாமாவிடம் என்ன பேசினாய் என்று கேட்டால், "நிக்ட்ஸ்", ஒன்றுமில்லை, என்றாள். இந்தப் பிள்ளைக்கு ஊர் ஒட்டவில்லை, மொழி ஒட்டவில்லை, நாளைக்கு மாமன் யார் மச்சான் யார் என்று தெரியாமல் போய்விடும் என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை எப்போது எடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அன்று முதல் நான் புலம்புவதைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னேன். விஷத்துக்கு ஏன் பொட்டு? சோறு போடுகிற பொருளை நம் ஆட்கள் மதிப்பார்கள். அது கத்தியாக இருந்தாலும் ஆசிட்டாக இருந்தாலும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, ஒரு நாளாவது கும்பிடுவார்கள். அதில் ஒரு தவறும் இல்லை, பொட்டு இருக்கலாம், படமும் இருக்க வேண்டும் என்றேன். "அப்ப ரெண்டும் வைக்கலாமே" என்றாள். அவ்வளவு லேசான விஷயம்தான்.

அண்ணன் சாயங்காலம் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் நன்றி, மன்னிப்பு என்றெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பிட்டாயா என்றார். அங்கே குளிர் வந்துவிட்டதா என்றார். நானும் மழை உண்டா என்று கேட்டேன்.

"ஸ்டிக்கர் மறுக்கா ஒட்டியாச்சு," என்றார். "ஒட்டறதுக்கு முன்னால ஒவ்வொரு படத்தையும் காட்டி, இது இதுக்குன்னு மூணு பேருத்துக்கும் சொல்லிட்டேன். மீன் படத்தக் காட்டுனா, இத்தன நாளா மீன் கழுவற மருந்துன்னு நெனச்சமுங்கறாங்க."

"அந்த நெஞ்சு ஜொலிக்கற ஆளு?"

"அது சாமி இல்லீன்னு சொல்லிட்டேன். பூவ மட்டும் மயிலக்கா எடுக்க மாட்டேனுட்டாங்க."

சிரித்தோம். பிறகு நானே கேட்டேன், நல்ல நேரம் போய்விட்டதே, எப்போது ஊற்றினீர்கள் என்று.

"நல்ல நேரமெல்லாம் எப்பவோ போயிருச்சு. ராகு காலத்துலதான் ஊத்துனம். நான் ஊத்தல. மயிலக்காளை ஊத்தச் சொன்னேன், அவிங்குளுக்குத்தான் வாசம் தெரியுது. ஆஸ்பத்திரிக்கு நேரமாவும்னு போன் பண்ணிச் சொன்னேன். என்னாச்சுன்னு கேட்டாங்க, உள்ளதச் சொன்னேன். பரவால்லீங்க, நாளைக்குக் கொண்டாங்கன்னுட்டாங்க."

"ஏனுங்ணா, இதச் சொல்றதுக்கு இவ்வளவு நேரமா? மத்தியானத்துலருந்து உங்க போனுக்குத்தானே காத்துட்டு இருக்கறேன்."

"இல்ல அம்மணி, ஆறு மணிக்கு எல்லாரையும் அனுப்பிச்சேன். ஊட்டுக்குப் போய்ச் சேந்தாங்களா, ஆருக்காச்சும் இருமலு, கண்ணெரிச்சல் இருக்குதான்னு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேட்டேன். மயிலக்கா பஸ்ஸுல இருந்தாங்க, எறங்கற வரைக்கும் காத்திருந்தேன். எல்லாரும் ஊடு சேந்துட்டாங்க. அதுக்கப்பறம்தான் உனக்குக் கூப்புடறேன்."

என் அண்ணன் முதலாளி என்று நான் இங்கே பலரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்று போனை வைத்த பிறகுதான் அதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.